கட்டணம் செலுத்துபவர்: பாரத் சர்க்கார்

புனேயில் எங்கள் கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தில் பதினோராவதாக ஒரு கட்டம் இருந்தது. கட்டணம் செலுத்துபவர் பெயர், மாணவருக்கு அவர் என்ன உறவு. சாங்லியிலிருந்தும் அகமத்நகரிலிருந்தும் வந்த பிள்ளைகள் அதில் அப்பா பெயரை எழுதுவார்கள். அப்பா இல்லாதவர்கள் மாமா பெயரை. 1983 ஜூனில் நான் வெளிநாட்டு மாணவர் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரம், ஒரு கென்யப் பையனின் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. என் மேசைக்கு எதிரே இருந்த தலைமைக் குமாஸ்தா என் பேனாவை வாங்கி, மராத்தியில் ‘பாரத் சர்க்கார்’, அதாவது இந்திய அரசு, என்று எழுதினார். உறவு என்ற இடத்தில் ஒரு சிறு கோடு போட்டார். “இந்தப் பிள்ளைங்களுக்கு எல்லாம் இப்படித்தான் எழுதணும் தாயி” என்றார்.

மராத்தியில் தாயி என்றால் அக்கா. அப்போது எனக்கு வயது 22. கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். 58 வயதாகி 2019இல் ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டத்தில் ‘பாரத் சர்க்கார்’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. நம் பிள்ளைகளுக்கே படிக்க வழியில்லாதபோது கடல் கடந்து வந்தவனுக்கு நம் வரிப்பணம் எதற்கு என்று கேட்டவர்களுக்கும் கணக்கில்லை. ரேஷன் கடை வரிசையில் கேட்டிருக்கிறார்கள், பேருந்தில் கேட்டிருக்கிறார்கள், எங்கள் ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நின்று விளக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. இப்போது நேரம் இருக்கிறது.

படிக்க வந்தவனுக்கு ஊரே சோறு போடுவது புனேக்குப் புதிதல்ல. நம் ஊர்ப்பக்கம் வாரச் சாப்பாடு என்று சொல்வோமே, திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீட்டில் சாப்பிட்டுப் படிப்பது, அது இங்கேயும் உண்டு. ‘வார்’ என்றே சொல்வார்கள். வீடு வீடாகப் போய்ச் சமைத்த சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதற்கு மாதுகரி என்று பெயர். தேனீ பூப்பூவாகப் போவதைப் போல என்று பொருள். சதாசிவ பேட்டையிலும் நாராயண பேட்டையிலும் வாடா என்னும் பழைய பெரிய வீடுகளில் இருந்த பெரியவர்கள் தங்கள் தாத்தா மாதுகரி கேட்டுப் படித்த கதையைப் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே 1909இல் அநாத வித்யார்த்தி கிருகம் என்று ஒரு விடுதி இங்கே தொடங்கினார்கள்.

ஊர் சோறு போட்டது. அரசு பணம் போட்டதும் உண்டு. இந்த ஊரை ஆண்ட பேஷ்வாக்கள் காலத்தில் சிராவண மாதம் வந்தால் பார்வதி மலையடிவாரத்தில் ரமணா என்ற வேலியிட்ட வெளியில் தட்சிணை கொடுப்பார்கள். தளேகாவைச் சேர்ந்த தாபாடே குடும்பம் தொடங்கிய வழக்கத்தைப் பேஷ்வாக்கள் ஏற்று நடத்தினார்கள். காசியிலிருந்தும் தென்னாட்டிலிருந்தும் சாஸ்திரம் படித்தவர்கள் நடந்து வந்து, பரீட்சை கொடுத்து, பணம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். 1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்தது. தட்சிணையை ஒரேயடியாக நிறுத்தினால் ஊர் கொதிக்கும் என்று பிரிட்டிஷ் அதிகாரி எல்பின்ஸ்டனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு 1821 அக்டோபர் 6ஆம் தேதி விஸ்ராம்பாக் வாடாவில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் வழிவந்ததுதான் டெக்கான் கல்லூரி. பிற்காலத்தில் ‘தட்சிணா ஃபெலோ’ என்று இளம் பட்டதாரிகளுக்குக் கொடுத்த உதவித்தொகையும் இதே நிதிதான். சமஸ்கிருத அறிஞர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் அதைப் பெற்றவர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பேஷ்வாக்களின் தட்சிணை பிராமணர்களுக்கு மட்டும். குடியானவன் கொடுத்த வரியில் வந்த பணம், குடியானவன் மகனுக்கு அதில் ஒரு காசு கிடையாது. 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாயும் பிடே வாடாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது இதே ஊர்தான் சாவித்ரிபாய் மேல் சாணி எறிந்தது. மறு ஆண்டு, லோகஹிதவாதி கோபால் ஹரி தேஷ்முக் முதலானவர்கள் தட்சிணையில் ஒரு பங்கை மராத்தி நூல்கள் எழுதுபவர்களுக்குப் பரிசாகக் கொடுங்கள் என்று மனுப் போட்டார்கள். அதற்கே பெரிய எதிர்ப்பு. அரசாங்கப் பணம் யாருக்குப் போகலாம் என்ற கேள்வி இந்த ஊரில் அவ்வளவு பழையது. அடுத்த தெருப் பிள்ளைக்கே அது எட்டாமல் இருந்த ஊரில், நைரோபிப் பிள்ளைக்கு அது கிடைக்கும் நாள் வந்ததை நான் சிறிய விஷயமாக நினைக்க மாட்டேன்.

இடையில் பாலி அறிஞர் தர்மானந்த கோசாம்பியின் கதை இருக்கிறது. எனக்கு இவர்மேல் தனிப் பிரியம். இவர் பிறந்த கோவா அப்போது போர்ச்சுகலின் கடல்கடந்த உடைமை. அவர் தேடிய படிப்புக்கு அங்கே வழியில்லை. 1899இல், புத்தரைப் பற்றிப் படித்த ஒரு சிறு கட்டுரை மனதை அரிக்க, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். புனேக்கு வந்து பண்டார்கரைச் சந்தித்தார். பிறகு காசிக்குப் போய் அன்னசத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டு சமஸ்கிருதம் கற்றார். 1902இல் சென்னை வழியாக இலங்கைக்குப் போய், கொழும்பில் வித்யோதயப் பிரிவேனா என்ற பௌத்த மடக் கல்லூரியில் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பாலி படித்தார். அதுவரை எந்த அரசும் அவருக்கு உதவித்தொகை கொடுக்கவில்லை. சோறு போட்டவர்கள் எல்லாரும் தெருவில் இருந்தவர்களும் மடத்தில் இருந்தவர்களும்தான். பிறகு பரோடா மன்னர் மாதம் 50 ரூபாய் கொடுத்தார். மகாராஷ்டிரத்தில் இருந்துகொண்டு வேலை செய்யட்டும் என்பது ஏற்பாடு. கல்கத்தாவில் பார்த்த வேலையின் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு அந்த 50 ரூபாயை ஏற்றார். 1912 முதல் 1918வரை ஃபெர்குசன் கல்லூரியில் பாலி கற்பித்தார். இன்றைக்குத் தாய்லாந்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் காவி உடுத்த பிக்குகள் பாலி படிக்கப் புனேக்கு வருகிறார்கள். அவர்களில் சிலருடைய கட்டணத்தை இந்திய அரசு கட்டுகிறது. வேலையில் இருந்தவரை அவர்கள் படிவங்களை நிரப்பும்போது எனக்குக் கோசாம்பி நினைவு வரும்.

புனே பல்கலைக்கழகம் 1949 பிப்ரவரியில் தொடங்கியது. கணேஷ்கிண்டில் கவர்னர் குடியிருந்த மாளிகையையே அதற்குக் கொடுத்தார்கள். ஜெயகர் முதல் துணைவேந்தர். அதே 1949-50இல்தான் தில்லியில் கல்வி அமைச்சகம் பொதுக் கலாசார உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர்கள் இந்தியக் கல்லூரிகளில் படிக்கலாம், கல்விக் கட்டணத்தையும் மாதப் படியையும் இந்தியா கொடுக்கும். அப்போது கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத். மறு ஆண்டு, 1950 ஏப்ரலில், அவரே இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலைத் தொடங்கினார். பிறகு இந்த உதவித்தொகைகளின் பொறுப்பு அந்தக் கவுன்சிலுக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் அதன் ஆங்கிலச் சுருக்கமான ஐ.சி.சி.ஆர். என்றால் பியூனுக்குக்கூடத் தெரியும். “தாயி, ஐ.சி.சி.ஆர். பையன் வந்திருக்கான்” என்பார்.

1949 எப்படிப்பட்ட ஆண்டு என்று யோசித்துப் பாருங்கள். பிரிவினை அகதிகள் இன்னும் முகாமில். அரிசிக்கும் கோதுமைக்கும் ரேஷன், வெளிநாட்டுத் தானியக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாடு. செப்டம்பரில் ரூபாயின் மதிப்பை 30 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது. மிச்சத்திலிருந்து கொடுத்ததல்ல இது. தன் இலையில் இருந்ததைப் பக்கத்து இலைக்கு எடுத்து வைத்தது.

வாங்கிக்கொண்டவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா, டாங்கனீக்கா எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கம்பாலாவில் மகெரேரே என்று ஒரே கல்லூரி. அதுவும் 1949இல்தான் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்புக்குத் தயாரானது. அங்கே இடம் கிடைக்காத ஆப்பிரிக்கப் பிள்ளைக்குப் பிரிட்டிஷ் அரசு வேறு கதவை அரிதாகவே திறந்தது. அந்த நேரத்தில் நைரோபியில் இந்தியாவின் கமிஷனராக இருந்தவர் அப்பா பந்த். புனேயிலிருந்து சதாரா தாண்டிப் போனால் வரும் ஔந்த் என்ற சிறு சமஸ்தானத்தின் இளவரசர். காந்தியின் யோசனைப்படி அந்தச் சமஸ்தானம் 1939இல் ஆட்சியை மக்களிடம் ஒப்படைத்திருந்தது. 1948இல் நேரு அவரை நைரோபிக்கு அனுப்பினார். ஆப்பிரிக்க மாணவர்களை இந்தியாவுக்குப் படிக்க அனுப்புவதை அவர் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டார். ஜோமோ கென்யாட்டா முதலானவர்களோடு அவருக்கு இருந்த நெருக்கம் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குக் கசந்தது. அவர்கள் கொடுத்த நெருக்கடியில் 1954இல் அங்கிருந்து மாற வேண்டியதாயிற்று. கென்யா விடுதலை அடைந்தது 1963இல். நாடு என்று ஒன்று ஆவதற்கு முன்பே அந்த நாட்டுக்குப் பட்டதாரிகளை உண்டாக்கிக் கொடுப்பதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் உழைத்திருக்கிறார் என்பதைப் புதிதாக வரும் கென்ய மாணவர்களிடம் சொல்வேன். அவர்கள் அப்பா பந்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. 1983 ஜூலை கடைசி வாரம். வானொலியில் கொழும்பில் தமிழர்கள் தாக்கப்படும் செய்தி. எங்களிடம் ஈழத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் யாழ்ப்பாணம், இந்திய அரசின் உதவித்தொகையில் வந்தவன். மற்றவன் மட்டக்களப்பு, அப்பா கடை வைத்திருந்தார், அவர் அனுப்பும் பணத்தில் படித்தான். இருவரும் தினமும் என் மேசைக்கு வருவார்கள். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான்.

“அக்கா, கடிதம் ஏதும் வந்ததோ?”

ஐந்து வாரம் எதுவும் வரவில்லை. டிரங்க் கால் போட்டால் இணைப்பே கிடைக்காது. மட்டக்களப்புப் பையனின் அப்பா கடை எரிந்துவிட்டது என்ற செய்தி செப்டம்பரில் வந்தது. இரண்டாம் தவணைக் கட்டணத்தை அவனால் கட்ட முடியவில்லை. தீபாவளி விடுமுறைக்கு முன்பே சென்னைக்கு ரயில் ஏறினான். திருச்சியில் ஒரு முகாமில் அம்மாவைக் கண்டுபிடித்ததாக ஒரு கார்டு போட்டான். பிறகு தகவல் இல்லை. யாழ்ப்பாணத்துப் பையன் படிப்பை முடித்தான். முடித்த அன்று இனிப்போடு வந்து சொன்னான்: “வீட்டில இருந்து காசு வந்துதான் படிக்கிறதெண்டால் நானும் எப்பவோ போயிருப்பன் அக்கா.” இரண்டு பேரும் மதிப்பெண்ணில் சமம். பதினோராவது கட்டத்தில் ஒருவனுக்கு அப்பா பெயர், ஒருவனுக்கு அரசின் பெயர். அந்த வித்தியாசம்தான். நம் வரிப்பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதில் இந்த இரண்டு படிவங்கள்.

மொரீஷியஸ் பிள்ளைகள் வேறு மாதிரி. பெயரைப் பார்த்தால் வீராசாமி, முருகேசன், சின்னப்பன், எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். வாயைத் திறந்தால் கிரியோல். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்திருப்பார்கள், தமிழில் ஒரு வாக்கியம் வராது. ரசம் எப்படி இருக்கும் என்று கேட்ட ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போய் அம்மா கையால் சோறு போட வைத்தேன். தன் பாட்டி வைக்கும் ஒன்றின் மணம் இது என்று அவள் அழுதாள்.

ஒரு மொரீஷியஸ் மாணவனால் இந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகமே உண்டாயிற்று. ஃபெர்குசன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் விடுதிக் காப்பாளராகவும் இருந்த எஸ்.பி. முஜும்தார், ஒரு பெண், விடுதிச் சன்னல் வழியே உள்ளே இருந்த ஒரு பையனுக்கு ஏதோ கொடுப்பதைப் பார்த்தார். தப்பாக ஏதும் நடக்கிறதோ என்று விசாரிக்கப் போனார். மொரீஷியஸ் பையன், மஞ்சள் காமாலை, எழுந்து நடக்கச் சக்தியில்லை, அவள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டணம் கட்டியாயிற்று, சேர்க்கை ஆயிற்று, ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை என்பது அவரை உறுத்தியது. 1971 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர்களுக்காக அவர் தொடங்கிய சிம்பயோசிஸ் அந்த உறுத்தலில் பிறந்தது.

அந்த உறுத்தல் எல்லாருக்கும் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அறை தேடிப் போன ஆப்பிரிக்கப் பிள்ளைகளைப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய வீட்டுக்காரர்கள் நிறையப் பேர். தொலைபேசியில் அறை இருக்கிறது என்பார்கள், நேரில் முகத்தைப் பார்த்ததும் நேற்றே போய்விட்டது என்பார்கள். நானே ஒரு சூடான் பையனோடு பதினோரு வீடு ஏறி இறங்கியிருக்கிறேன். கடைசியில் கோண்ட்வாவில் ஒரு விதவைத் தாய் மாடியறையைக் கொடுத்தார். முன்பணம்கூடக் கேட்கவில்லை. தில்லி கட்டணத்தைக் கட்டலாம், தலைக்குமேல் கூரை கொடுக்க இந்த ஊர் மனிதர்தான் வேண்டும்.

அந்தச் சூடான் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லாவுக்கு அழைத்துப் போனேன். அங்கே தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நடுவில் பெரிய குவிமாடத்தோடு நிற்கும் கட்டடத்தின் பெயர் சூடான் பிளாக். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியரை எதிர்த்துச் சூடானைக் காக்கப் போரிட்டு மாண்ட இந்தியச் சிப்பாய்களின் நினைவாக, 1941இல் சூடான் அரசு 1 லட்சம் பவுண்டு அனுப்பியது. நாடு பிரிந்தபோது அந்தப் பணமும் பிரிந்தது: இந்தியாவுக்கு 70 ஆயிரம், பாகிஸ்தானுக்கு 30 ஆயிரம். இந்தியாவின் பங்கு இந்தக் கட்டடத்துக்குப் போனது. 1959 மே மாதம் சூடான் தூதர் வந்து திறந்துவைத்தார். உள்ளே போக எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை, ஏரிக்கரைச் சாலையிலிருந்து தெரிந்ததைக் காட்டினேன். கார்ட்டூமில் இதைப் பற்றி யாரும் தனக்குச் சொன்னதில்லை என்றான். கொடுத்தது யார், வாங்கியது யார் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. உயிரைக் கொடுத்தவன் நாடு பணம் வாங்கியது, பணம் கொடுத்தவன் பிள்ளை படிப்பை வாங்க வந்திருக்கிறான். இதில் தர்மம் வாங்குபவன் என்று யாரைச் சொல்வது?

என் வேலை எப்படி நடந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன், இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. மாணவர் தன் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிப்பார். இலங்கைப் பிள்ளைகளுக்கு நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி என்று தனித்தனிப் பெயர்களில் திட்டங்கள் இருந்தன. தேர்வானவருக்கு எங்கள் சேர்க்கைக் கடிதம் போகும். வந்து இறங்கியதும் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் பதிவு, அதற்கு நான் போனஃபைட் சான்று கொடுப்பேன். பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்று. பிறகு கட்டண பில், மூன்று பிரதி. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் உள்ளூர் மாணவர் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அரசு அதை நேராகக் கல்லூரிக்குக் கட்டும், மாதப்படி மாணவர் கணக்குக்குப் போகும். நான் ஓய்வு பெறும்போது பட்டப்படிப்புக்கு மாதம் 18,000 ரூபாய், முதுகலைக்கு 20,000, முனைவர் பட்டத்துக்கு 22,000, வீட்டு வாடகை தனி. 2018இல் ஏ2ஏ என்ற இணையதளம் வந்தபிறகு காகிதம் குறைந்தது.

காகிதக் காலத்தில் பணம் தாமதமாகும். ஒரு வருடம் பருவத்தேர்வுக்கு நான்கு நாள் இருக்கையில் ஏழு பேரின் கட்டணம் வந்து சேரவில்லை. கட்டணம் வராமல் ஹால் டிக்கெட் கொடுக்கக்கூடாது என்று கணக்குப் பிரிவில் பூட்டி வைத்துவிட்டார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரி. கட்டப்போவது ஓர் அரசு, ஓடிப்போகாது என்று நான் சொன்னது எடுபடவில்லை. ஏழு பேரில் ஒரு எத்தியோப்பியப் பெண் வாசலிலேயே உட்கார்ந்து பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள், எழுத விடுவார்களா என்று தெரியாமலே. பணம் வராவிட்டால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தொகை என் மூன்று வருடச் சம்பளத்துக்கு மேல். கணக்கர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்தார். பணம் அடுத்த மாதம் வந்தது. கடிதத்தை அவர் திருப்பித் தரவில்லை, கிழித்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்.

கடைசிப் பத்து வருடங்களில் என் மேசைக்கு அதிகமாக வந்தவர்கள் ஆப்கன் பிள்ளைகள். ஆண்டுக்கு ஆயிரம் உதவித்தொகைகள் அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். புனே அவர்களுக்குப் பிடித்த ஊர். பெண்கள் முதல் வருடம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள், மூன்றாம் வருடம் பில்லில் நான் போட்ட கூட்டலில் தப்பிருக்கிறது என்று காட்டுவார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபானிடம் வீழ்ந்தபோது நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம். ஊருக்குப் போயிருந்தவர்கள் விசாவைக் கையில் வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 25ஆம் தேதி, இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களின் பழைய விசாக்கள் செல்லாது என்று உத்தரவு வந்தது. அவசர காலத்தில் அரசுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் கட்டணம் செலுத்துபவர் என்று பெயர் போட்ட பிறகு வாசற்கதவைச் சாத்தியது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

போன வருடம் என் இடத்தில் இப்போது இருக்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அலமாரியை ஒழிக்கும்போது வாங்கப்படாத பட்டச் சான்றிதழ் ஒன்று கிடைத்ததாம், ஆப்கன் மாணவி, உங்களுக்கு நினைவிருக்கிறதா தாயி என்றாள். எனக்கு நினைவிருந்தது. கூட்டலில் தப்புக் கண்டுபிடித்தவள். பழைய மாணவர்கள் மூன்று பேரைப் பிடித்து, அவர்கள் மூலம் இன்னும் இரண்டு பேரைப் பிடித்து, ஆப்கானிஸ்தானின் மஸார் நகரத்தில் அவள் வீட்டில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். அவளுடைய உறவுக்காரப் பையன் ஒருவன் கோண்ட்வாவில் இருக்கிறான். அவள் கைப்பட எழுதி அனுப்பிய அதிகாரக் கடிதத்தோடு வந்தான். நானும் போயிருந்தேன். பதிவேட்டில் பெற்றுக்கொள்பவர் பெயரையும் உறவையும் கேட்டிருந்தது. பெயரை எழுதி, சித்தப்பா மகன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டான். சான்றிதழை நெகிழி உறையில் போட்டு, மழைக்காலமாக இருந்ததால் அதன்மேல் இன்னொரு உறை போட்டுக் கொடுத்தோம்.